அசைவின்மையா, நிற்றலா? ஆங்கிலச் சொற்களின் தமிழாக்கமும் செட்டிநாட்டு வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

அசைவற்ற நிலையைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குவோர் ‘அற்ற’, ‘இன்மை’, ‘ஆத’ முதலிய எதிர்மறை வடிவங்களையே பெரிதும் நாடுகின்றனர். இவ்வழக்கம் நிற்றலை ஒரு குறையாகக் காட்டுகிறது. தமிழில் நிற்றலைக் குறிக்கும் உடன்பாட்டு வினைகள் பலவுள. பொருள் எவ்வாறு நின்றது, எதைத் தாங்கி நின்றது என்பவற்றையும் அவை உணர்த்துகின்றன. பள்ளத்தூரும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் வழங்கும் நீர், தேர், மனை, கணக்கு பற்றிய சொற்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அத்தமிழாக்க வழக்கைத் திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: நில், நிலை, தேங்கு, உறை, முடக்கம், எதிர்மறைத் தமிழாக்கம், செட்டிநாடு, பள்ளத்தூர்.

சிக்கல்

ஸ்டில், ஸ்டேட்டிக், ஸ்டேஷனரி, ஸ்டாக்னன்ட், இனர்ட், இம்மொபைல், மோஷன்லெஸ், காம் என்னும் எட்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுத வேண்டிய ஒருவர், இன்றைய வழக்கில் மூன்று நான்கு சொற்களுக்குள் அடங்கிவிடுவார். அசைவற்ற, சலனமற்ற, இயக்கமற்ற, நிலையான என்பன அவை. ஆங்கிலத்தில் எட்டாக இருந்த வேறுபாடு தமிழுக்கு வரும்போது மங்குகிறது. இதைக் கண்டு தமிழில் சொல்வளம் போதாது என்போர் உளர். குறை சொல்வளத்தில் இல்லை. மொழிபெயர்ப்போர் சொல்லைத் தேடும் திசையிலேயே அது உள்ளது. அசைவு என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அது இல்லாமையைச் சொல்வதே தமிழாக்கம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

எதிர்மறையாகச் சொல்வது தமிழுக்குப் புறம்பானதன்று. ‘ஆடாமல் அசையாமல்’ என்பது பேச்சுவழக்கிலேயே உண்டு. மலைக்கு வடமொழி தந்த ‘அசலம்’ என்னும் பெயரும் ‘அசையாதது’ என்னும் பொருளினதே. அருணாசலம் என்று பெயரிட்டுக்கொள்ளும் செட்டிநாட்டுக் குடும்பங்களில் அவ்வெதிர்மறை தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகிறது. மேலும், எதிர்மறையிலும் நுட்பம் உண்டு. அசையாதது வேறு, நகராதது வேறு, இயங்காதது வேறு. காற்றில் ஆடும் கொடி அசையும், ஆயினும் நகராது. பழுதான கடிகாரம் இயங்காது, ஆயினும் அதைக் கையிலெடுத்து நகர்த்தலாம். ஆதலின் எதிர்மறையைக் கையாள்வதில் பிழையில்லை. அதைத் தவிர வேறொன்றையும் கையாளாமையே பிழை.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பு

மேற்கூறிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் எதிர்மறையில் பிறந்தவை அல்ல. மோஷன்லெஸ், இம்மொபைல் ஆகிய இரண்டும் வெளிப்படையான எதிர்மறைகள். ஸ்டேட்டிக், ஸ்டேஷனரி ஆகியவை ‘நில்’ என்று பொருள்படும் இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. அவ்வேரே ஸ்டேட், ஸ்டேஷன், ஸ்டேபிள், ஸ்டேட்டஸ் என்னும் சொற்களையும் தந்தது. எழுதுபொருள் விற்கும் கடைகளின் பெயர்ப்பலகையில் காணப்படும் ‘ஸ்டேஷனரி’யும் இக்கிளையினதே. ஊர் ஊராகச் சுற்றி விற்காமல் ஓரிடத்தில் கடை வைத்து நின்ற வணிகனே இடைக்கால இலத்தீனில் அப்பெயர் பெற்றான். ஸ்டாக்னன்ட் என்பது குளம், குட்டை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது.

இனர்ட் என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. அது இலத்தீனில் ‘கலைத்திறன் இல்லாத’ என்னும் பொருளில் பிறந்து, ‘சோம்பல் மிக்க’ என்று வழங்கியது. பொருள் தானாக இயங்க மறுக்கும் இயல்பைக் குறிக்கக் கெப்ளர் இச்சோம்பலையே கடன் வாங்கினார். நியூட்டன் அச்சொல்லை ஏற்று அதன் பொருளை விரித்தார். நிற்பது நின்றுகொண்டே இருப்பதும், ஓடுவது ஓடிக்கொண்டே இருப்பதும் அவ்வொரே இயல்பின் விளைவாயின. சொல் சோம்பலைச் சொல்ல, கோட்பாடு ஓட்டத்தையும் சேர்த்துச் சொன்னது. இம்முரணை ஆங்கிலம் இன்றும் சுமக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இக்கருத்துக்கு ‘நிலைமம்’ என்னும் சொல்லை வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘சடத்துவம்’ என்பது வழக்கு. இவ்விரண்டில் நிலைமமே சிறந்தது. சடத்துவம் உயிரின்மையை முன்னிறுத்தி, இலத்தீன் சொல்லின் பழைய குறையை வடமொழி வழியே மீண்டும் கொணர்கிறது. நிலைமம் அவ்வாறன்று. ‘இயக்கத்தில் நிலைமம்’ என்று மாணவர் படிக்கும்போது முரண் தோன்றுவதில்லை. நிலைத்தல் என்பது நின்றிருத்தலையும் தொடர்ந்திருத்தலையும் ஒருங்கே குறிக்கும். மூலமொழியில் இல்லாத பொருத்தம் ஆக்கமொழியில் அமைந்த அரிய இடங்களுள் இது ஒன்று. எனினும் இலங்கை வழக்கு எல்லாவிடத்தும் குறையுடையதன்று. தமிழ்நாட்டார் ‘நிலை ஆற்றல்’ என்பதை அவர்கள் ‘அழுத்த சக்தி’ என்பர். ‘நிலை’ என்னும் சொல்லுக்கு ஏற்கெனவே உள்ள பெருஞ்சுமையில் ஒன்றையேனும் அது குறைத்தது.

நில் என்னும் வினை

நில், இரு, கிட என்னும் மூன்றும் தமிழில் இருப்பைச் சொல்லும் அடிப்படை வினைகள். இவற்றுள் நில் என்பதன் பொருட்பரப்பு வியப்பளிப்பது. ‘மழை நின்றது’ என்றால் பெய்தல் முடிந்தது. ‘மழை நின்று பெய்தது’ என்றால் பெய்தல் விடாது தொடர்ந்தது. ஒரே வினை முற்றாக வரும்போது ஓய்வையும், எச்சமாக வரும்போது ஓயாமையையும் தருகிறது. ‘விளக்கு நின்று எரிகிறது’ என்பதும் இவ்வகையினதே. தெய்வம் நின்று கொல்லும் என்னும் பழமொழியில் உள்ள ‘நின்று’ என்பதற்கு அசைவின்மை என்று பொருள் கொண்டால் பழமொழியே சிதைந்துவிடும்.

ஆங்கில ஸ்டில் என்பதிலும் இதையொத்த பொருள்விரிவு நிகழ்ந்துள்ளது. பெயரடையாக அசைவற்றதையும், வினையடையாக ‘இன்னும், இப்பொழுதும்’ என்பதையும் அது குறிக்கும். நின்றதே நீடித்திருப்பது என்னும் உணர்வு இரு மொழிக்கும் பொது. ‘அமைதி நிலவுகிறது’ என்னும் செய்தித்தாள் தொடரில் உள்ள ‘நிலவு’ என்னும் வினையில் அவ்வுணர்வு உயிரோடு உள்ளது. இத்தனை நெருக்கம் இருந்தும் ஸ்டில் என்பதைச் ‘சலனமற்ற’ என்று பெயர்த்துவிட்டு அமைவது, வீட்டில் உள்ளதை விட்டுக் கடைக்கு ஓடுவதை ஒக்கும்.

இலக்கண மரபும் நிற்றலைக் குறையாகக் கண்டதில்லை. புணர்ச்சியில் முதற்சொல்லைத் தொல்காப்பியர் நிறுத்த சொல் என்றார். பிற்கால இலக்கணிகள் நிலைமொழி, வருமொழி என்றனர். நிலைமொழி என்பது வருமொழியை எதிர்கொள்ள நிற்பது. அந்நிற்றல் இன்றிப் புணர்ச்சி இல்லை. மரஞ்செடிகளை நிலைத்திணை என்றும் விலங்குகளை இயங்குதிணை என்றும் பகுத்த மரபிலும், ‘இயங்காத் திணை’ என்று பெயரிடாமல் ‘நிலைத்திணை’ என்று பெயரிட்ட தேர்வு கருதத்தக்கது. வளர்வதும் பூப்பதும் காய்ப்பதும் நின்ற இடத்திலேயே நிகழ்கின்றன. ‘நிற்பது’ என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்த ‘தாவரம்’ என்பதும் இக்கருத்தினதே.

பள்ளத்தில் கிடக்கும் நீர்

பள்ளத்தூர் என்னும் பெயரிலேயே நீர் சென்று சேரும் பள்ளம் உள்ளது. காரைக்குடியைச் சூழ்ந்த இவ்வட்டாரம் வற்றாத ஆறு இல்லாத, மழையை நம்பிய வறள்நிலம். குடிநீருக்கு ஊருணியும் பாசனத்துக்குக் கண்மாயுமே இங்கு வாழ்வாதாரமாயின. ஓடும் நீர் இங்குப் பயன்படாது. ஓடிவந்து நின்ற நீரே பயன்படும். செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை மழையை முற்றத்துக்குள் இறக்கிச் சேர்ப்பதும் இத்தேவையை உணர்ந்த அமைப்பே.

ஆதலின் நின்ற நீரைப் பற்றிய சொற்கள் இவ்வட்டாரத்தில் நுட்பமானவை. மழைக்குப் பின் தெருவில் ‘தண்ணி நிக்குது’ என்பர். அது வடிய வேண்டியது. கண்மாயில் ‘தண்ணி கெடக்கு’ என்பர். அது அங்கேயே இருக்க வேண்டியது. நிற்பது தற்காலிகம், கிடப்பது நிரந்தரம் என்னும் வேறுபாட்டை எவரும் கற்பிக்காமலே வட்டார வழக்கு காக்கிறது. கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால் அது மகிழ்ச்சிச் செய்தி.

தேங்கு என்னும் வினைக்கு நேர்ந்தது இங்குத்தான் விளங்கும். நிறைதல், மிகுதல், தங்குதல் ஆகிய பொருள்கள் இதற்கு உண்டு. அணைகளின் நீர்ப்பரப்பை ‘நீர்த்தேக்கம்’ என்று வழங்கும்போது அந்நிறைவுப் பொருளே முன்நிற்கிறது. ஆனால் ஸ்டாக்னேஷன் என்னும் பொருளியல் சொல்லுக்குத் ‘தேக்கம்’ வந்து அமர்ந்தபின், ‘வளர்ச்சியில் தேக்கம்’, ‘பணிகள் தேக்கம்’ என்று குறைப்பொருளே பெருகியது. கொசு ஒழிப்பு அறிவிப்புகள் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதற்கு வலுவூட்டின. கொசுவைப் பொறுத்தவரை அறிவிப்பு சொல்வது மெய்யே. ஆயினும் தேக்கிவைத்த நீரால் உயிர்வாழ்ந்த ஒரு வட்டாரத்தின் மொழியில் தேக்கம் வசைச்சொல்லாக மாறியது கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் குட்டைக்குச் சேர்ந்த இழிவு தமிழ்க் கண்மாயின் மேல் ஏற்றப்பட்டுள்ளது.

நிலைக்கு வரும் தேர்

ஸ்டேஷனரி என்பதற்கு மிகப் பொருத்தமான தமிழ்ச்சொல் அகராதியைவிடத் தேர்வீதியில் எளிதாகக் கிடைக்கும். தேர் புறப்படும் இடத்துக்கும் திரும்ப வந்து சேரும் இடத்துக்கும் ‘நிலை’ என்றே பெயர். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் தேர் வீதி சுற்றி முடித்தால் ‘தேர் நிலைக்கு வந்தது’ என்பர். இந்நிற்றல் ஓட்டத்தின் நிறைவு. வடம் பிடித்தோர் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம் அது.

தேர் வேறொரு வகையிலும் நிற்கும். தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை பற்றிய சாதி முரண்பாடும், பின்னர்த் தேரின் பழுதும் காரணமாகப் பல்லாண்டுகள் தேர் ஓடவில்லை. வழக்குகளுக்குப் பின் 2024இல்தான் அது மீண்டும் ஓடியது. அவ்வாண்டுகளில் தேர் நின்ற இடமும் நிலையே. ஆயினும் அதை எவரும் ‘நிலைக்கு வந்த தேர்’ என்று சொல்லவில்லை. ‘ஓடாமல் நின்ற தேர்’ என்றே சொன்னார்கள். எதிர்மறை தன் உரிய இடத்தில், உரிய கூர்மையோடு வந்தது. ஓட வேண்டியது ஓடவில்லை என்னும் முறையீடு அந்த ‘ஓடாமல்’ என்பதில் உள்ளது. ‘அசைவற்ற தேர்’ என்னும் தொடர் இவ்விரு நிற்றல்களையும் ஒன்றாக்கி, இரண்டின் பொருளையும் இழந்துவிடும்.

கணக்கில் நிற்பவை

செட்டிநாட்டின் பேரேடுகள் இத்திறனாய்வுக்குப் பெருந்துணை. நகரத்தார் இரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் ‘கொண்டுவிற்க’ச் சென்றனர். பள்ளத்தூரைச் சேர்ந்த அ. மு. முருகப்பச் செட்டியார் 1900இல் மோல்மேனில் தொடங்கிய வட்டித்தொழில் இன்றைய முருகப்பா குழுமத்தின் தோற்றம். 1937இல் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூவிடத்தும் ஒருசேரக் கிளை திறந்தது. ஓயாத இயக்கமே இவர்தம் தொழில்.

இயக்கத்தையே தொழிலாகக் கொண்டோர் கணக்கில் நிற்றற்சொற்கள் மிகுதியாக உள்ளன. கையில் உள்ள தொகை ‘இருப்பு’. அது இரு என்னும் வினையின் பெயர். வரவேண்டி நிற்பது ‘நிலுவை’. அது நில் என்னும் வேரைச் சார்ந்தது. வட்டியில் நடப்பு வட்டி என்றும் தவணை வட்டி என்றும் இருவகை. நட என்னும் வினையிலிருந்து வந்த நடப்பு, இன்றும் ‘நடப்புக் கணக்கு’ என்று வங்கிகளில் வாழ்கிறது. ஆங்கிலம் அக்கணக்கை நீரோட்டமாகக் கண்டது. தமிழ் அதை நடையாகக் கண்டது. முழுக்கணக்கையும் தொகுத்துக் காட்டும் தாளுக்கு ‘ஐந்தொகை’ என்று பெயர். பணம் நடந்தும் இருந்தும் நின்றும் தொழில் செய்கிறது. இருப்பு என்னும் சொல்லில் குறையின் நிழல் சற்றும் இல்லை. மாறாக அது வணிகனின் வலிமை.

நிலுவைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிய, கீழ்ப் பர்மாவின் உழவர்கள் கடனைத் திருப்ப இயலவில்லை. அங்குள்ள முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலுவை நிலமாகி நின்றது. வட்டித்தொழிலர் விரும்பியது நடக்கும் பணம். பெற்றது நகராத வயல். உழவர் இழந்ததோ அவ்வயலே. 1942இல் சப்பானியர் படை வர, அவ்வுடைமையும் கையைவிட்டுப் போகத் தொடங்கியது.

உறைந்த ஊரும் முடங்கிய கணக்கும்

இன்று செட்டிநாட்டைப் பற்றி எழுதும் சுற்றுலா நூல்களிலும் இதழ்களிலும் ‘காலத்தில் உறைந்த ஊர்கள்’ என்னும் தொடர் அடிக்கடி தென்படுகிறது. இது ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு. குளத்து நீர் பனியாய் இறுகும் நாட்டில் பிறந்த உருவகம் அது. செட்டிநாட்டில் உறைவது பால். மோர் விட்டால் தயிராக உறையும். அவ்வுறைதல் ஒன்று மற்றொன்றாக விளைவது. உறைதலுக்கு வாழ்தல், தங்குதல் என்னும் பழம்பொருளும் உண்டு. இறைவன் உறையும் தலம், உறைவிடம், உறையுள் என்பன அப்பொருளின. ஆகவே ‘உறைந்த ஊர்’ என்னும் தொடர் தமிழ்ச்செவியில் ‘குடியிருந்த ஊர்’ என்றும் ஒலிக்கும். யாரும் உறையாமையால் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் குறிக்கவே அத்தொடர் கையாளப்படுகிறது என்பது இரங்கத்தக்க முரண்.

தொடரின் குறை மொழியளவில் நிற்பதன்று. உறைந்துபோன ஊர் என்றவுடன், அவ்வூரின் இன்றைய நிலைக்குக் காரணம் காலமே என்றாகிறது. பர்மாவில் சிக்கிய பணம், பாகப்பிரிவினை, சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்த தலைமுறைகள், ஒரு வீட்டின் உரிமை பலரிடையே பகிரப்பட்டு எவரும் தனித்து முடிவெடுக்க இயலாத நிலை ஆகிய எல்லாம் அத்தொடரின் அடியில் மறைகின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வூர்களைக் காக்க நினைப்போர் அவை எவ்வாறு நின்றன என்பதை முதலில் கேட்டாக வேண்டும். ‘உறைந்த’ என்னும் சொல் அக்கேள்வியை எழவிடுவதில்லை.

இதே உருவகத்தை எதிர்கொண்ட தமிழ்ச் செய்தியாளர்கள் வேறோரிடத்தில் சிறப்பாகச் செயற்பட்டனர். வங்கிக் கணக்கை ஆங்கிலம் உறையச்செய்கிறது. தமிழ்ச் செய்தித்தாள் அதை ‘முடக்குகிறது’. முடங்குதல் என்பது மடங்கி, சுருங்கி, எழமாட்டாமல் கிடத்தல். பனியை விட்டு உடலுக்கு வந்தமையால் சொல்லுக்கு வலி கிடைத்தது. முடக்கியவர் ஒருவர் உண்டு என்பதும் விளங்கிற்று. 2020இல் ‘பொதுமுடக்கம்’ என்னும் சொல் ‘ஊரடங்கு’ என்பதனோடு சேர்ந்து வழங்கியபோது, இரண்டுக்கும் இடையில் இருந்த நுட்பமும் புலப்பட்டது. அடங்குதல் தானே ஒடுங்குதல், முடங்குதல் ஒடுக்கப்படுதல். நாள்கூலிக்குச் செல்வோர்க்கு நேர்ந்தது இரண்டாவதே. ‘இயக்கமின்மை’ என்று எழுதியிருந்தால் இவ்வேறுபாட்டைச் சொல்ல வழியிருந்திராது.

அசையாச் சொத்தின் நிலை

எதிர்மறைத் தமிழாக்கங்களுள் மிகுதியாக வேரூன்றியது ‘அசையாச் சொத்து’. இம்மூவபிள் என்பதன் நேர்பெயர்ப்பாகிய இது பத்திரப்பதிவில் நாள்தோறும் வழங்குகிறது. 1897ஆம் ஆண்டின் பொதுக்கூறுகள் சட்டம் நிலத்தையும், நிலத்தோடு பிணைக்கப்பட்டவற்றையும் இவ்வகையுள் அடக்குகிறது. பிணைப்பு என்பதே அதன் உட்கருத்து. ஆனால் தமிழ்ச்சொல் பிணைப்பைச் சொல்லாமல் அசையாமையை மட்டும் சொல்கிறது. முன்னைய ஆவணங்களில் வழங்கிய ‘தாவர சங்கமம்’ என்னும் வடமொழி இணை, நிற்பது, செல்வது என்று இரண்டையும் உடன்பாட்டில் சொன்னது. சட்டத் தெளிவு நோக்கிப் புதுச்சொல்லை ஏற்றதில் குற்றமில்லை. ஆயினும் ‘நிலைச் சொத்து’ என்னும் வடிவம் முயலப்பட்டிருக்கலாம்.

அவ்வடிவத்துக்கான சான்று செட்டிநாட்டு வீட்டின் முகப்பிலேயே உள்ளது. கதவைத் தாங்கும் மரச்சட்டத்துக்கு ‘நிலை’ என்று பெயர். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கில் கொடிக்கருக்கும் திருமகள் உருவும் செதுக்கி நிறுத்தப்பட்ட நிலைகள் இவ்வூர்களின் பெருமை. வீடு கட்டும்போது நல்ல நாள் பார்த்து நிலை வைப்பர். அதன்பின் அவ்வீட்டுக்குள் நிகழும் வரவும் போக்கும் அந்நிலை வழியேதான். நூறாண்டு மனிதர் நடமாட்டத்தைத் தன் ஊடே விட்டுக்கொண்டு நின்ற ஒன்றை அசைவற்றது என்று மட்டும் சொன்னால் அதன் தொழில் விடுபட்டுப்போகும்.

வீடுகள் இடிக்கப்படும்போது முதலில் விலைபேசப்படுவனவற்றுள் நிலையும் தூணும் அடங்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு இவ்வாறு பெயர்க்கப்பட்ட உறுப்புகளால் மீள எழுந்து நிற்கிறது. பிற பல அவ்வாறு எழவில்லை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவை வந்து சேர்கின்றன. சுவரிலிருந்து பெயர்த்த கணத்தில் நிலை சட்டத்தின் கண்ணில் அசையும் பொருளாகிவிடுகிறது. கடைக்காரர் அதை இன்னும் ‘நிலை’ என்றே சொல்கிறார். வாங்குவோர் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, எந்த ஊரில் எந்த வீட்டில் நின்றது என்று கேட்கின்றனர்.